பிள்ளை கவனிப்பது கைதட்டு எங்கே விழுகிறது என்பதைத்தான்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை நெருங்குகிறது. பிள்ளைகள் நாள் முழுவதும் வீட்டில் இருப்பார்கள், கையில் உங்கள் போன் இருக்கும். இந்தப் பேச்சு வந்தாலே பெற்றோர் கூட்டத்தில் எழும் முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கலாம்?" என்பதுதான். இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது. 2 வயதுவரை திரையே வேண்டாம், ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவது மட்டும் விதிவிலக்கு. 2 முதல் 5 வயதுவரை அதிகபட்சம் 1 மணி நேரம். 5 முதல் 10 வயதுவரை 2 மணி நேரத்துக்குள்.

கண்ணுக்கும் தூக்கத்துக்கும் இந்தக் கணக்கு போதும். நடத்தைக்குப் போதாது. அரை மணி நேரமே பார்த்தாலும், பார்த்ததில் யார் ஜெயித்தார், யாருக்குக் கைதட்டு விழுந்தது என்பதைப் பிள்ளை மனதில் குறித்துக்கொள்கிறது. இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

அமெரிக்காவில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1961-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளிப் பிள்ளைகள் 72 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடிப்பதையும் உதைப்பதையும் சில பிள்ளைகள் பார்த்தார்கள். பிறகு தனியே விட்டபோது அவர்கள் அதே அடியை அடித்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகளையும் அப்படியே சொன்னார்கள். எல்லோரும் சொல்லும் பகுதி இது. எனக்கு முக்கியமாகப் படுவது 1965-இல் வெளியான அடுத்த சோதனை. அடிக்கும் காட்சியைப் படமாக்கி அதற்கு மூன்று முடிவுகள் வைத்தார்கள். ஒன்றில் அடித்தவருக்கு மிட்டாயும் பாராட்டும் கிடைத்தன, ஒன்றில் திட்டும் அடியும் கிடைத்தன, இன்னொன்றில் எதுவுமே நடக்கவில்லை. தண்டனையைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் "பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்றதும் மூன்று குழுக்களும் ஒரே அளவில் செய்து காட்டின. அதாவது கற்றுக்கொண்டது எல்லோரும்தான். எப்போது வெளியே எடுப்பது என்பதில்தான் வித்தியாசம். "எங்க பையன் ரொம்ப அமைதி, பார்த்தாலும் எதுவும் செய்யமாட்டான்" என்ற நிம்மதி அத்தனை உறுதியானதல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் சினிமாவுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கதாநாயகன் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிக்கும்போது திரையின் அடியில் "உயிரைக் கொல்லும்" என்ற எச்சரிக்கை ஓடுகிறது. அதே நொடியில் பின்னணி இசை எகிறுகிறது, தியேட்டரில் விசில் பறக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? ஒரு பெண் வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்னாலேயே போகிறவனுக்குப் பாட்டும் காதலும் பரிசாகக் கிடைக்கின்றன. வெளியே அதற்கு வேறு பெயர்: நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின் கீழ் அது குற்றம். ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பையன்களின் வீட்டில் இதை ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அடிதடியைவிடப் பள்ளியில் அதிகம் தெரிவது கேலி. நிறத்தையும் உடம்பையும் சொல்லி வைக்கும் பட்டப்பெயர்களில் பல நகைச்சுவைக் காட்சிகளிலிருந்து வருபவை. சொல்கிற பிள்ளைக்கு அது வெறும் தமாஷ், ஏனென்றால் வீட்டில் எல்லோரும் அதற்குச் சிரித்தார்கள். பஞ்ச் டயலாக்கும் அப்படித்தான். நான்கு வயதில் விசேஷ வீட்டில் அதைப் பேசினால் மாமாவும் சித்தப்பாவும் "இன்னொரு தடவை சொல்லு" என்று போனில் படம் எடுக்கிறார்கள். எட்டு வயதில் அதையே வகுப்பில் பேசினால் வாய்க்கொழுப்பு என்கிறோம். நான்கு வருடம் கைதட்டி வளர்த்த பழக்கத்தை ஒரே நாளில் அடித்து நிறுத்த முடியாது. சிரிக்காமல் இருப்பதுதான் முதல் வேலை. பேச்சை மாற்றிவிட்டால் போதும், முறைக்க வேண்டியதில்லை. முறைப்பதும் பிள்ளைக்கு ஒருவகைக் கவனிப்புதான்.

எல்லாவற்றையும் குறை சொல்ல நான் எழுதவில்லை. தமிழில் டப் செய்த கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைகள் "அற்புதம் நண்பா, வா கிளம்பலாம்" என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். நமக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் முழு வாக்கியமாகப் பேசும் பழக்கம் அதிலிருந்து வந்தால் எங்களுக்கு மகிழ்ச்சிதான்.

துண்டுக் காட்சிகள்தான் கூடுதல் கவலை. முழுப் படத்தில் கெட்டவன் கடைசியில் மாட்டிக்கொள்வான். முப்பது நொடி வீடியோவில் கடைசி என்ற ஒன்றே கிடையாது, அடி மட்டும் இருக்கும். 2021-இல் 'ஸ்க்விட் கேம்' என்ற கொரியத் தொடர் பரவியபோது, பெல்ஜியத்தில் ஒரு நகராட்சிப் பள்ளி பெற்றோரை எச்சரிக்க வேண்டி வந்தது. அதில் வரும் விளையாட்டைப் பிள்ளைகள் ஆடி, தோற்றவரை அடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களுக்கான தொடர் அது. அதைப் பார்க்காத பிள்ளைக்கும் துண்டு வீடியோ போய்ச் சேரும், மிச்சத்தைப் பக்கத்துப் பெஞ்சு சொல்லிக்கொடுத்துவிடும்.

இனி, வீட்டில் செய்ய வேண்டியது. நம் பள்ளிப் பிள்ளைகளில் பலருக்குச் சொந்தப் போன் இல்லை, அப்பா அம்மா போன்தான். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. இரவில் அப்பா பார்த்த சண்டை வீடியோவை வைத்து, காலையில் பிள்ளைக்கு யூடியூப் அதே மாதிரி பத்தை நீட்டும். அதனால் பிள்ளைக்கு யூடியூப் கிட்ஸ் செயலியைத் தனியாகப் போட்டுக் கொடுங்கள். வயதுப் பிரிவு கேட்கும்: 4 வயதுக்குள், 5–8, 9–12. இவற்றைவிடப் பாதுகாப்பானது, நீங்கள் தேர்ந்தெடுத்த வீடியோக்கள் மட்டும் வரும்படி வைப்பது. அதில் டைமரும் உண்டு, நேரம் முடிந்தால் செயலி தானே பூட்டிக்கொள்ளும். ஒரு ஓட்டை மட்டும் இருக்கிறது. பெற்றோர் பகுதிக்குள் போக அது ஒரு பெருக்கல் கணக்குக் கேட்கும். நாங்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கு அது ஒரு பூட்டே அல்ல! உள்ளே போய் உங்களுக்கென நான்கு இலக்க எண் வைத்துவிடுங்கள், பிறந்த வருடம் மட்டும் வேண்டாம்.

பிள்ளை அந்தச் செயலியை விட்டு வெளியே வராமலிருக்க, ஆண்ட்ராய்டு போனில் 'ஆப் பின்னிங்' என்ற வசதி உண்டு. அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும், சில போன்களில் 'ஸ்கிரீன் பின்னிங்' என்று இருக்கும். அதை இயக்கி, விடுவிக்கும்போது பின் எண் கேட்கும்படி செய்யுங்கள். பிறகு செயலியைத் திறந்து, சமீபத்திய செயலிகள் திரைக்கு வந்து, அதன் சின்னத்தைத் தொட்டு 'பின்' கொடுத்தால் போன் அதிலேயே நிற்கும். உங்கள் வாட்ஸ்அப்பும் பணம் அனுப்பும் செயலியும் தப்பிக்கும்.

படங்களுக்கு வயதுக்குறி இருக்கிறது. 2024 முதல் தணிக்கைச் சான்றிதழில் யு/ஏ (பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம்) என்பது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. டிக்கெட் எடுக்குமுன் அந்த எண்ணைப் பாருங்கள். யு/ஏ படத்துக்குத் தியேட்டர் வாசலில் பிள்ளையைத் தடுக்க மாட்டார்கள், முடிவு உங்களுடையது. ஓடிடி தளங்கள் 13+ முதல் மேலுள்ளவற்றுக்குப் பூட்டு வசதி தர வேண்டும் என்பது 2021 முதல் விதி. ஆனால் அதைப் பூட்டுவது நீங்கள்தான்.

விளையாட்டுச் செயலியில் சண்டை வருவது பெரும்பாலும் நிறுத்தும் நேரத்தில். ஃப்ரீ ஃபயர் வகை ஆட்டத்தில் ஒரு மேட்ச் சுமார் 10 நிமிடம். நடுவில் பிடுங்கினால், உடன் ஆடுகிறவர்கள் முன்னால் அவமானம், அந்தக் கோபம் உங்கள் மேல் வந்து விழும். "அஞ்சு நிமிஷத்துல வை" என்பதைவிட "இந்த மேட்ச் முடிஞ்சதும் வை, அடுத்தது தொடங்கக் கூடாது" என்பது நடக்கும். உங்கள் யுபிஐ பின் எண்ணைப் பிள்ளை எதிரில் அடிக்காதீர்கள். ஆட்டத்துக்குள் காசுபோலச் செலவாகும் 'டைமண்ட்' வாங்கப் பணம் போனதாகத் தெரிந்தால் உடனே பாருங்கள். கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் கேட்டால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

முடிந்தபோது பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். உபதேசம் வேண்டாம், கேள்வி போதும். "இவ்வளவு அடி வாங்கினவன் மறுநாள் எப்படி வேலைக்குப் போவான்?" "ஆஸ்பத்திரிச் செலவை யார் கட்டுவாங்க?" "இப்ப யாரைப் பார்த்துச் சிரிக்கிறாங்க? அவங்க இடத்துல நீ இருந்தா?" படத்துக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்காதீர்கள், அடுத்த முறை உங்களைப் பக்கத்தில் சேர்க்கமாட்டார்கள்.

விதி போட்ட முதல் வாரம் அடம் கூடும், குறையாது. இருபது நிமிடம் அழுத பிறகு போனைக் கொடுத்தால், இருபது நிமிடம் அழ வேண்டும் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. கொடுப்பதானால் கேட்டவுடன் கொடுங்கள், இல்லையென்றால் கடைசிவரை கொடுக்காதீர்கள். அம்மா மறுத்ததைப் பாட்டி கொடுத்தால் விதியே இல்லை என்று ஆகிவிடும், ஆகவே முதலில் பெரியவர்கள் பேசி முடிவு செய்யுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் போன் வேண்டாம். தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போன் வேறு அறையில் சார்ஜில் கிடக்கட்டும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் தேவை. தூங்காத பிள்ளையின் எரிச்சலையும் சினிமாவின் மேல் போடுகிறோம், அது நியாயமல்ல.

சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் மூன்றும் ஒருசேரக் குறைந்தாலோ, போனை வாங்கினால் தன்னையோ பிறரையோ தாக்கினாலோ காத்திருக்காதீர்கள். 14416 மனநல ஆலோசனைக்கான எண், 1098 குழந்தைகளுக்கான உதவி எண். பள்ளிக்கு வந்தும் பேசலாம், பிள்ளையின் பெயர் வகுப்பில் வெளியே வராது.

இத்துடன் ஒரு தாள் இணைத்திருக்கிறேன். விடுமுறையில் ஏதாவது மூன்று நாள், பிள்ளை பார்த்தது என்ன, அதிலிருந்து திருப்பிச் சொன்ன அல்லது செய்த ஒன்று என்ன, அப்போது வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விடவேண்டாம். பள்ளி திறக்கும் நாளில் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பெயர் இல்லாமல் இவற்றை எடுத்துப் பேசுவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்