வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன், மண்டபம், தொண்டி கரைகளில் விசைப்படகுகளோடு சேர்த்து, மீனும் ஐஸும் ஏற்றும் லோடு வண்டிகளும் பழுது பார்க்கப்படுகின்றன. பெட்டிகளிலிருந்து வடியும் உப்புநீரும் கடற்காற்றும் தளத் தகட்டையும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களையும் அரித்துவிடுவதால், வெல்டிங் வேலையைத் தள்ளிப்போட முடியாது. ஆனால் அந்த வேலை முடிந்ததும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமலோ, எச்சரிக்கை விளக்கு அணையாமலோ, பேட்டரிக்கு சார்ஜ் ஏறாமலோ போகும் வண்டிகள், வாகன மின்பணி செய்யும் என்னிடம் அடிக்கடி வருகின்றன. தகடு ஒட்டிய கூலியைக் காட்டிலும் பல மடங்கு பணத்தை, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான ஈசியூவுக்காக உரிமையாளர்கள் இழப்பதைப் பார்த்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆர்க் வெல்டிங்கில் ராடு வழியாகப் பாயும் மின்சாரம், ராடின் கனத்தைப் பொறுத்து ஏறத்தாழ 80 முதல் 200 ஆம்பியர் வரை இருக்கும். அது எர்த் கிளாம்ப் வழியாக மெஷினுக்குத் திரும்பியே ஆக வேண்டும். வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, துருவும் பெயின்டும் சுரண்டிய இரும்பில் கிளாம்பைப் பிடித்திருந்தால் அது நேராகத் திரும்பிவிடும். பின்தளத்தில் வேலை நடக்கும்போது கிளாம்பை முன் பம்பரிலோ சக்கர டிரம்மிலோ மாட்டினால், அந்த மின்சாரம் சேஸிஸ், இன்ஜினின் எர்த் பட்டை, ஒயரிங்கின் மெல்லிய எர்த் கம்பிகள், சக்கர பேரிங் என்று கிடைத்த வழிகளிலெல்லாம் பிரிந்து ஓடும். பேரிங்கின் உருளைகளில் பொறி விழுந்து குழி ஏற்படுவதும் இதனால்தான்.

நம் கரையோர வண்டிகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். உப்புக் காற்றில் எர்த் பட்டைகளின் இணைப்புகள் பச்சை பூத்தும் துருவேறியும் கிடப்பதால், நல்ல வழியாக இருக்க வேண்டிய அந்தப் பட்டையே தடையாகி, மின்சாரத்தின் பெரும்பங்கு மெல்லிய கம்பிகளின் பக்கம் திரும்பிவிடுகிறது. உள்நாட்டு ஊர்களில் தப்பித்துக்கொள்ளும் ஒரு தவறு இங்கே தப்புவதில்லை.

பழைய டீசல் வண்டிகளில், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போவதோடு பெரும்பாலும் சேதம் நின்றுவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் வாகனப் புகைக்கான பிஎஸ்-6 விதி நடைமுறைக்கு வந்த பிறகு, எரிபொருளைச் செலுத்துவதையும் புகையைச் சுத்திகரிப்பதையும் ஈசியூவும் அதனோடு இணைந்த சென்சார்களுமே கவனிக்கின்றன. இவை 12 அல்லது 24 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டவை. வெல்டிங் மெஷினோ ராடு தொடாத நிலையிலேயே 50 முதல் 80 வோல்ட் வரை தருகிறது. ஆர்க் பிடித்து விடும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் துள்ளுகிறது. பட்டறைகளில் பழைய வண்டிகளின் பழக்கம் இன்னும் மாறாமல் இருப்பதே என் கவலை.

வெல்டிங் வைக்கும் முன் சாவியை அணைத்துச் சில நிமிடம் காத்திருந்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். புகையைச் சுத்திகரிக்க ஆட்புளூ என்ற திரவம் ஊற்றும் வண்டிகளில் குழாயில் உள்ள அத்திரவத்தை அதன் பம்ப் திரும்ப இழுத்துக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பதால், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கக் கூடாது. பிறகு பாசிட்டிவையும் கழற்றி, இரு முனைகளும் எதிலும் படாதபடி மூடி வைக்க வேண்டும். கட்-ஆஃப் சுவிட்ச் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது பேட்டரியைத்தான் துண்டிக்கும். சேஸிஸோடு ஈசியூவுக்கு உள்ள எர்த் தொடர்பு அப்படியே இருக்கும். எனவே பேட்டரியைக் கழற்றிய பின் ஈசியூ, பிரேக்குக்கான ஏபிஎஸ், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றின் கனெக்டர்களையும் எடுத்துவிடுவதே பாதுகாப்பு. ஏர்பேக் உள்ள வண்டியில் அதன் மஞ்சள் கனெக்டரைக் கையேட்டைப் பார்க்காமல் தொட வேண்டாம். மாட்டும்போது முதலில் கனெக்டர்கள், அடுத்து பாசிட்டிவ், கடைசியாக நெகட்டிவ்.

பேட்டரிக்கு அருகிலேயே வெல்டிங் வைப்பதாக இருந்தால், அதை வண்டியிலிருந்து இறக்கிவிட வேண்டும். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் ஒரு பொறியில் வெடிக்கக் கூடியது. சிதறும் அமிலம் கண்ணைப் பறித்துவிடும். வெல்டிங் கேபிளை ஒயரிங் கட்டின் மேல் போடுவதும், டீசல் குழாய்க்கும் பிளாஸ்டிக் காற்றுக் குழாய்க்கும் மறைப்பு வைக்காமல் வேலையைத் தொடங்குவதும் அதே அளவுக்குத் தவறானவை.

உரிமையாளர் அவசரப்படுத்துகிறார் என்று வெல்டர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. எப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு நாள் நெருங்கிய பிறகு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் யாரும் நிதானமாக வேலை செய்ய முடியாது. ஆகவே பழியை வெல்டர்மீது மட்டும் போடுவது நியாயமில்லை. நம் மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பிரிவு மாணவர்களுக்கு இந்த முறையைப் புழக்கத்தில் உள்ள வண்டியிலேயே செய்து காட்ட வேண்டும். சரக்கு வண்டி விற்பவர்கள், ஈசியூ எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு நேரம் காத்திருந்து பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்ற விவரங்களைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, ஓட்டுநரின் கதவு உட்புறத்தில் ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாகன மின்பணியாளர் ஒருவர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.