ரத்தசோகை பாக்கப் போற பசங்களுக்கு கார் கணக்கு எதுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொது சுகாதாரப் படிப்பு பத்தி உங்க கல்விப் பக்கத்துல வந்ததைப் படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா அந்தப் படிப்புல பசங்க ரொம்ப பயப்படுற விஷயம் அதுல வரவே இல்ல, அதான் எழுதுறேன். எம்பிஎச், அதாவது பொது சுகாதார முதுகலைப் படிப்பு, முதல் வருஷத்துக்கு ஆர் ப்ரோக்ராமிங் லேப் எடுக்குறேன். ஆர்ங்கிறது புள்ளிவிவரக் கணக்கு போடுற ஒரு கம்ப்யூட்டர் மொழி. வர்றவங்கள்ல நர்சிங், பல் மருத்துவம், சித்தா முடிச்சவங்க நிறைய. கோடிங்னாலே மிரளுறாங்க.

அவங்களுக்கு முதல் கிளாஸ்ல பல இடத்துல என்ன குடுக்குறாங்க தெரியுமா, ஆர் கூடவே வர்ற எம்டிகார்ஸ்னு ஒரு டேட்டா, 1974ல ஒரு அமெரிக்க கார் பத்திரிகைல வந்த 32 கார் எவ்வளவு மைலேஜ் குடுக்கும்னு. இல்லன்னா ஐரிஸ், 150 பூவோட இதழ் அளவு. ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பாத்துட்டு வந்த பொண்ணுக்கு இதுல கேக்க ஒரு கேள்வியும் இருக்காது, கேள்வி இல்லாம கோட் மனசுல நிக்காது.

தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 படி தமிழ்நாட்டுல 15-49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை. அப்போ ஹீமோகுளோபின் ஃபைலே குடுக்கலாமே, க்ளீன் பண்ணாம. ரத்தம் எடுக்க ஒத்துக்காதவங்களுக்கு சர்வேல 999 மாதிரி ஒரு அடையாள எண்ணைப் போட்டு வச்சிருப்பாங்க. 9 பேருக்கு 11, பத்தாவது ஆளுக்கு 999, சராசரி கேட்டா 109.8னு வரும். மனுஷ உடம்புல இப்படி இருக்கவே முடியாதேன்னு நர்சிங் படிச்சவங்கதான் முதல்ல கத்துவாங்க, பயமும் அங்கதான் விடும். அப்புறம் 999ஐ என்ஏன்னு, அதாவது தகவல் இல்லைன்னு மாத்துறது, மாத்தினா சராசரியும் என்ஏன்னே வர்றது, அதை விட்டுட்டு கணக்குப் போடுன்னு ஆர்கிட்ட தனியா சொல்றது எல்லாம் அவங்களே கேட்டுக் கத்துக்குறாங்க.

எக்செல் போதாதானு கேக்குறவங்களுக்கு ஒண்ணு: 2020 செப்டம்பர் கடைசில இங்கிலாந்துல கிட்டத்தட்ட 16,000 கொரோனா கேஸ் தினசரி கணக்குல விட்டுப்போச்சு, காரணம் பழைய எக்செல் ஃபைல்ல 65,536 வரிக்கு மேல ஏறாது. தொடர்புல இருந்தவங்களை தேடுறதும் தள்ளிப்போச்சு.

பரீட்சையும் மாறணும். கம்ப்யூட்டரே இல்லாம பேப்பர்ல கோட் எழுதச் சொல்லி, ஒரு கமா விட்டா மார்க் குறைக்கிறது அநியாயம். பாடத்திட்டக் குழுவுல இருக்குறவங்களைக் கேட்டுக்குறேன், லேப்லயே உக்கார வச்சு ஒரு நிஜ சர்வே ஃபைல் குடுங்க, ஹெல்ப் பக்கத்தைப் பாக்க விடுங்க, எந்த எண் தப்பு, ஏன் தப்புன்னு எழுதினா அதுக்கே பாதி மார்க் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு எம்பிஎச் ஆசிரியை, சென்னை