நீக்கிய பெயர்களைத் திரும்ப எழுதுங்கள்

மதிப்பிற்குரிய தென்னிந்தியத் திருச்சபைத் (சி.எஸ்.ஐ.) திருமண்டல நிர்வாகக் குழுவினருக்கும் எங்கள் சபைக் கமிட்டிப் பெரியவர்களுக்கும், சேர்வராயன் மலையிலிருந்து கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

சபைகளில் ஆட்கள் குறைந்துவருவதற்காக ஜெபிக்கும்படி தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை ஞாயிறு ஆராதனையில் வாசித்தார்கள். வாலிபர்கள் உலகக் காரியங்களில் சிக்கிக்கொண்டார்கள், பெந்தெகொஸ்தே சபையார் நம் மக்களை இழுத்துக்கொள்கிறார்கள் என்று அதில் இரண்டு காரணங்கள் இருந்தன. அன்றைக்கே கோயில் வாசல் பலகையில் இன்னொரு தாளும் ஒட்டியிருந்தது. சந்தா பாக்கிக்காக அங்கத்தினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. இந்த இரண்டு தாள்களையும் சேர்த்துப் படித்தீர்களா, ஐயா?

நீக்கப்பட்ட பெயர்களில் ஒன்று, போன ஐப்பசி மழையில் இறந்துபோன ஒரு விதவைத் தாயாருடையது. பெயரை எழுத வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். காப்பித் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில், லைன் வீட்டில் இருந்தவர். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம் எல்லாம் நம் ஆலயத்தில்தான். அவர் இறந்த காலையில் மகன் செய்தி சொல்லப் போனபோது, பாக்கியைக் கட்டி ரசீது காட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட அனுமதிக் கையெழுத்து கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டியவரோ சபைத் தேர்தல் விஷயமாகச் சேலம் போயிருந்தார். தாயின் உடலை வீட்டில் வைத்துவிட்டு, கடன் வாங்கிய பணத்தோடு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கிப் போய் ரசீது வாங்கி வந்தார் அந்த மகன். திரும்பும்போது இருட்டிவிட்டது. அடக்கம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. ஐஸ் பெட்டிக்கு வழியில்லாத அந்த ஒற்றை அறையில் அன்றிரவு முழுவதும் உட்கார்ந்து, ஜெபித்து, பாடி, பிள்ளைகளுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தவர் பக்கத்து ஊர் பெந்தெகொஸ்தே போதகரும் அவரோடு வந்த சில பையன்களும். அந்தக் குடும்பம் இப்போது அவர்களோடுதான் ஆராதிக்கிறது. அவர்களை இழுத்துக்கொண்டது யார் என்று சுற்றறிக்கை எழுதியவர்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

ஆயரை நான் குறை சொல்ல மாட்டேன். மலையில் சிதறிக் கிடக்கும் பல சபைகளுக்கு அவர் ஒருவரே. அன்றைக்கு அவர் வேறொரு சபையில் இருந்தார்.

அந்தத் தாயார் ஒன்றும் கொடுக்காதவர் அல்ல. அறுப்பின் பண்டிகைக்கு வருஷந்தவறாமல் ஒரு படி மிளகும் ஒரு கோழியும் கொண்டுவந்து படைப்பார். அவை ஏலத்தில் போய், பணம் சபைக் கணக்கில்தான் சேரும். ஆனால் அது சந்தாக் கணக்கில் வராது. ஏழை விதவை போட்ட இரண்டு காசைப் பற்றி நாம் எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! எங்கள் பொருளாளரின் பேரேட்டில் அந்த இரண்டு காசுக்கு ஒரு பத்தி இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் வேலை கார்த்திகை தொடங்கித் தைவரை நடக்கும். கூலிக்காரர் கையில் நாலு காசு புரள்வது அப்போதுதான். சந்தாவைக் கட்டி முடிக்க நீங்கள் குறிக்கும் கடைசி நாளோ வேலையே இல்லாத மழை மாதத்தில் வருகிறது. தோட்டத்து மக்களில் ஒருவரைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார். கமிட்டியில் அவர்களில் ஒருவரும் இல்லை.

ஆகவே வேண்டுகிறேன்: சந்தா பாக்கிக்காக நீக்கிய பெயர்களைத் திரும்ப எழுதுங்கள்.

பெயர்களை நீக்குவதில் இத்தனை வேகம் ஏன் என்று மலையில் பேசிக்கொள்வதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டியல் சுருங்கினால் சபைத் தேர்தலில் ஓட்டுச் சுருங்கும். யார் ஜெயிப்பார் என்று எண்ணிவிடலாம். அது பொய்யாக இருக்கட்டும் என்றே விரும்புகிறேன். ஆனால் நம் திருச்சபையின் தலைமை மன்றமான சினாடு விவகாரமே உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2024இல் நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமிக்கும் அளவுக்கு வந்த பிறகு, சாதாரண விசுவாசி எதை நம்புவான்? பேராயரின் ஓய்வு வயது 67-ஆ 70-ஆ என்று வழக்காட நமக்கு வருஷக்கணக்கில் நேரம் இருந்தது. லைன் வீட்டில் ஒரு சாவுக்குப் போய் நிற்க ஆள் இல்லை. பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். அங்கே எந்த ஆலயத்துக்குப் போகிறார்கள் என்று நம்மில் ஒருவரும் விசாரித்ததில்லை. பெயரை மட்டும் ஒழுங்காக அடித்துவிடுகிறோம்.

கோபத்தில் எழுத்து நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலத்தில் 1827இல் லண்டன் மிஷன் வேலை தொடங்கியது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை என்று தனித்தனியாக இருந்தவர்கள் 1947 செப்டம்பர் 27 அன்று ஒரே திருச்சபையானார்கள். பிரிந்து கிடந்தவர்களைச் சேர்த்துக்கொள்வதற்காகப் பிறந்த சபை இது. ஆதித் திருச்சபையிலும், அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விடப்பட்டார்கள் என்று சிலரிடம் முறுமுறுப்பு எழுந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களை நீக்கவில்லை. அந்த வேலைக்கென்றே ஏழு பேரை ஏற்படுத்தினார்கள்.

இன்று பலர் நம்மோடு இருப்பதற்குக் காரணம் கல்லறைத் தோட்டம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வேறு சபைக்குப் போகிறார்கள், அங்கே அடக்கம் செய்ய இடமில்லாததால் சந்தாவை மட்டும் இங்கே கட்டுகிறார்கள். இப்படிப் பயத்தால் நிற்கிறவர்களை அங்கத்தினர் என்று எண்ணி நாம் திருப்திப்பட முடியுமா? அந்தப் பயத்தையே பாக்கி வசூலிக்கும் கருவியாக்குவது கிறிஸ்துவின் பேரால் நடக்கக் கூடாது, ஐயா.

அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே நீக்கிய பெயர்களைத் திரும்ப எழுதத் தீர்மானம் போடுங்கள். இறந்துபோன அந்தத் தாயாரின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். அடக்க அனுமதிக்கும் சந்தா ரசீதுக்கும் சம்பந்தமில்லை என்று எல்லாச் சபைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். சந்தாவின் கடைசி நாளை மாசிக்குத் தள்ளிவையுங்கள். பாக்கியை விட்டுவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. பழம் பறித்துக் கூலி வாங்கியதும் எங்கள் மக்கள் கட்டிவிடுவார்கள். தாழ்மையோடு கேட்கிறேன், பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் தங்கள்,
ஏற்காட்டிலிருந்து ஒரு சபை அங்கத்தினர்