விற்கும் முன் பழைய ஃபர்ம்வேரைத் திருப்பிப் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். லேப்டாப் கிராஃபிக்ஸ் கார்டை உள்ளிருந்து இயக்குகிற நிரலான ஃபர்ம்வேரை மாற்றி வேகத்தைக் கூட்டுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாளையங்கோட்டையில் லேப்டாப் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவன் நான். இவ்வளவு விவரமாகத் தமிழில் எழுதியதற்கு முதலில் பாராட்டு. ஆனால் கட்டுரை முழுக்கத் தேடியும் ஓர் ஆளைக் காணோம். அந்த லேப்டாப்பை நாளைக்குக் காசு கொடுத்து வாங்கப் போகிறவர்.

எங்கள் பக்கத்தில் ஒரு லேப்டாப் ஆயுசு முழுக்க ஒரே கையில் இருப்பதில்லை. இன்ஜினியரிங் சேரும்போது பையன் கேம் ஆடுகிற மாதிரி பெரிய லேப்டாப்பாக வாங்குவான். படிப்பு முடிந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்பும்போது விற்றுவிடுவான். அது அம்பாசமுத்திரத்தில் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் கல்யாண வீடியோ எடிட்டிங்குக்குப் போகும். அவர் புதிது வாங்கியதும் வள்ளியூரிலோ ஆலங்குளத்திலோ பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளைக்கு வரும். அந்தப் பிள்ளையின் அப்பா சீட்டு எடுத்த பணத்தில் வாங்கியிருப்பார். முதல் ஆள் உள்ளே என்ன எழுதி வைத்துவிட்டுப் போனான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆஃப்டர்பர்னர் மாதிரி ஒரு மென்பொருளில் வேகத்தைக் கூட்டினால் அது விண்டோஸோடு போகிற சங்கதி. விற்கிறவன் எப்படியும் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுத்தான் கொடுப்பான், அதோடு அதுவும் அழிந்துவிடும். ஃபர்ம்வேர் அப்படியில்லை. போர்டில் எட்டுக் கால் உள்ள சின்ன மெமரி சிப்பில் அது எழுதப்பட்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டாலும் அசையாது, ரீசெட் கொடுத்தாலும் அசையாது. கட்டுரையாளர் இதைப் பெரிய வசதியாகச் சொல்கிறார். ஒருமுறை எழுதிவிட்டால் போதும், லினக்ஸ் போட்டாலும் அதே வேகம் என்கிறார். சரி, எழுதியவனுக்கு வசதிதான்.

மூன்றாவது கையிலிருந்து கடைக்கு வருகிற லேப்டாப்போடு வருகிற பேச்சு அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். “அண்ணாச்சி, கேம் போட்டா கொஞ்ச நேரத்துல அதுவா ஆஃப் ஆவுது. விண்டோஸ் மாத்தியாச்சு, ராம் மாத்தியாச்சு, ஒண்ணுக்கும் கேக்க மாட்டேங்கு.” திறந்து பார்த்தால் ஃபேன் சுற்றும், தூசி இருக்காது, சிப்பின் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் புதிதாகவே இருக்கும். இதற்கு முன் பார்த்த கடைக்காரர் போர்டு போச்சு என்று சொல்லி அனுப்பியிருப்பார். நான் இப்போதெல்லாம் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் ஜிபியு-இசட்டைத் திறக்கிறேன். கார்டின் விவரங்களைக் காட்டுகிற இலவச மென்பொருள்தான். அதில் இப்போதைய கிளாக் (இப்போது வைத்திருக்கிற வேகம்), டீஃபால்ட் கிளாக் (ஃபர்ம்வேரில் எழுதியிருக்கிற வேகம்) என்று மேலும் கீழுமாக இரண்டு வரி இருக்கும். மென்பொருளில் கூட்டியிருந்தால் மேல் வரி மட்டும் ஏறியிருக்கும். ஃபர்ம்வேரிலேயே அடிப்படை வேகத்தை ஏற்றியிருந்தால் டீஃபால்ட் வரியும் சேர்ந்து ஏறி நிற்கும். 2015-ல் வந்த என்விடியா கம்பெனியின் ஜிடிஎக்ஸ் 960எம் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படை வேகம் ஏறத்தாழ 1,100 மெகாஹெர்ட்ஸ். டீஃபால்ட் வரியில் 1,250, 1,300 என்று இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். வோல்டேஜையோ வாட் வரம்பையோ (கார்டு எடுக்கக்கூடிய மின்சார அளவு) மட்டும் ஏற்றியிருந்தால் இந்த வரியில் தெரியாது. புதிய ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் டிரைவரோடு வருகிற என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை காட்டுகிற வாட் வரம்பைக் கம்பெனி அந்த மாடலுக்குச் சொல்லியிருக்கிற கணக்கோடு ஒத்துப் பார்க்கலாம். பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் விலை பேசும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

கூட்டுவதால் கிடைப்பது எவ்வளவு என்பதையும் கட்டுரை கொஞ்சம் தாராளமாகவே சொல்லியிருக்கிறது. அந்தக் காலத்து லேப்டாப் கார்டுகளில் மென்பொருள் வழியாக 135 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கூட்ட முடியாதபடி ஒரு வரம்பு இருந்தது. அதை உடைக்கத்தான் பலர் ஃபர்ம்வேருக்கே போனார்கள். 1,100-க்கு மேல் 135 என்றால் 12 சதவீதம். கேம் நொடிக்கு 40 ஃப்ரேமில் ஓடினால், எல்லாம் கூடி வந்தாலும் 45-ஐத் தாண்டாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் வோல்டேஜை ஏற்ற வேண்டும், வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது. சிப் எடுக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேராக ஏறும், வோல்டேஜின் வர்க்கத்துக்கும் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் மின்சாரம் 33 சதவீதம் கூடிவிடும். 45 வாட் எடுத்த சிப் 60 வாட் கேட்கும். இது சிப் சும்மா இருக்கும்போதும் கசிகிற மின்சாரத்தைச் சேர்க்காத கணக்கு. அந்த 15 வாட்டும் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். சூட்டை வெளியே கடத்துகிற ஹீட் பைப்பும் ஃபேனும் பழையதுதான்.

இந்த ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏசி அறையில் 25 டிகிரியில் வைத்துப் பார்த்துவிட்டு, 85 டிகிரிதான் காட்டுகிறது, கவலை இல்லை என்று எழுதுகிறார்கள். சித்திரையில் எங்கள் ஊரில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் மத்தியான நேரம் 38 டிகிரி இருக்கும். அறையில் ஏறிய 13 டிகிரி சிப்பிலும் ஏறும். 85 என்பது 98 ஆக வேண்டும். அதற்கு முன்பே கார்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இல்லையென்றால் அணைந்துவிடும். தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஆனி, ஆடியில் சாரல் விழும்போது எல்லாம் செய்து பார்த்து, ராத்திரி முழுக்க ஓடியது என்று சந்தோஷப்பட்டார். அதே செட்டிங் அடுத்த கோடையில் நிற்கவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

உடனே அணைந்தால்கூடப் பரவாயில்லை, காரணம் தெரிந்துவிடும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்புக்கு அடியில் இருக்கிற நுண்ணிய ஈயப் பற்றுகள் விரிசல் விடுவது மெதுவாக நடக்கிற காரியம். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனமே, தன் பழைய லேப்டாப் சிப்புகளில் பேக்கேஜிங் பலவீனம் இருந்ததை ஒத்துக்கொண்டு, அதற்காக 150 முதல் 200 மில்லியன் டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. யாரும் வேகத்தைக் கூட்டாமலே பழுதான சிப்புகள் அவை. அந்தக் காலத்து லேப்டாப்புகளை ஹீட் கன்னில் காட்டி உயிர் கொடுத்த மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த உயிர் எத்தனை நாள் நின்றது என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். மெதுவாக வருகிற பழுது, அநேகமாக அடுத்தவர் கையில் இருக்கும்போதுதான் வெளியே தெரியும்.

பூட்டுப் போட்டதே கம்பெனிகளின் பேராசை என்று கட்டுரையாளர் கோபப்படுகிறார். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. 2015 பிப்ரவரியில் 900எம் வரிசை லேப்டாப் கார்டுகளுக்கு வேகம் கூட்டும் வசதியை என்விடியா டிரைவர் மூலமாக அடைத்தது. வாங்கியவர்கள் சத்தம் போட்டதும் அடுத்த மாதமே திறந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவனுக்கு அந்த உரிமை இருக்கத்தான் வேண்டும். 2016-ல் வந்த பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளில் பூட்டு இன்னும் இறுகியது. கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேரைச் சாதாரணமாகக் கார்டே ஏற்றுக்கொள்ளாது. அதனால் இப்போது வேறு வழியில் போகிறார்கள். அதே சிப் உள்ள இன்னொரு மாடலின் அசல் ஃபர்ம்வேரை எடுத்து இதில் எழுதுகிறார்கள். கையொப்பம் சரியாக இருப்பதால் அது ஏறிவிடும்.

இதற்கு ஆசை காட்டியதே கம்பெனிகள்தான். ஆர்டிஎக்ஸ் 3060 லேப்டாப் கார்டு என்று ஒரே பெயர். ஆனால் ஒன்று 60 வாட்டில் வரும், இன்னொன்று 115 வாட்டில் வரும். வாட் கணக்கைப் பெட்டியில் தேடினாலும் கிடைக்காது. குறைந்த வாட் உள்ளதை வாங்கியவனுக்கு வயிறு எரியும், நியாயம்தான். ஆனால் 80 வாட்டுக்குச் செய்த போர்டில் 115 வாட் ஃபர்ம்வேரை ஏற்றுவது, குட்டியானை வண்டியில் லாரி லோடு ஏற்றுகிற கதை. கார்டுக்கு மின்சாரம் கொடுக்கிற மாஸ்ஃபெட்டுகள், ஹீட் பைப், சார்ஜர் எல்லாம் 80-க்கு அளந்து வைத்தவை. சார்ஜர் மாட்டியிருக்கும்போதே பேட்டரி இறங்குகிறது என்று யாராவது வந்தால் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வரும். வாரண்டி போய்விடும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பின்பக்கம் கொஞ்சம் தூக்கி வைத்து, பேஸ்டை மாற்றி, பாஸ்கலுக்குப் பிறகு வந்த கார்டாக இருந்தால் ஆஃப்டர்பர்னரில் வோல்டேஜ் கர்வை (எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்கிற கோட்டை) மாற்றி வோல்டேஜைக் கீழே இறக்கிப் பாருங்கள். சூடு குறைவதால் கார்டு தானாகவே கூடுதல் வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு இதுதான் சரிப்படும். ஃபர்ம்வேரை மாற்றி வோல்டேஜைக் குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

எழுதத்தான் போகிறேன் என்பவர்கள், இருக்கிற ஃபர்ம்வேரை முதலில் சேமித்து ஒரு பென் டிரைவில் போட்டு லேப்டாப் பையிலேயே வையுங்கள். ஜிபியு-இசட்டிலேயே அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அப்புறம் எங்கிருந்தாவது இறக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒரே மாடல் லேப்டாப்பிலேயே ஒன்றில் சாம்சங் மெமரி இருக்கும், இன்னொன்றில் ஹைனிக்ஸ் இருக்கும். பொருந்தாத ஃபைலை எழுதினால் திரையில் கோலம்தான் வரும். பல லேப்டாப்புகளில் கார்டுக்குத் தனி சிப்பே கிடையாது, அதன் ஃபர்ம்வேர் லேப்டாப்பையே தொடங்கி வைக்கிற மெயின் பயாஸுக்குள்ளேயே இருக்கும். அங்கே தப்பு நடந்தால் கார்டு மட்டுமல்ல, லேப்டாப்பே எழுந்திருக்காது. சிப்பில் கிளிப் மாட்டி, சிஎச்341ஏ புரோகிராமர் என்கிற எழுதும் கருவியில் திருப்பி எழுதுகிற வேலை எங்களிடம்தான் வரும். வீட்டிலேயே செய்து பார்ப்பவர்கள், சிப் 1.8 வோல்ட்டா 3.3 வோல்ட்டா என்று அதன் முதுகில் உள்ள நம்பரை வைத்துத் தேடிப் பார்க்காமல் கிளிப்பை மாட்ட வேண்டாம்.

விற்கும் அன்று அந்தப் பழைய ஃபைலைத் திருப்பி எழுதிவிட்டுக் கொடுங்கள். மெயின் பயாஸுக்குள் இருக்கிற வகையென்றால், கம்பெனி தருகிற பயாஸ் அப்டேட்டைப் போட்டாலே பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். எழுத முடியவில்லை என்றால் வாங்குகிறவரிடம் வாயால் சொல்லிவிடுங்கள், விலையில் கொஞ்சம் குறைப்பார், அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சில் பழையதை எடுக்கிற கடைக்காரர்களும் பேட்டரி, டிஸ்ப்ளே பார்க்கிற மாதிரி இதையும் பார்த்து பில்லில் எழுதிக் கொடுக்கலாம்.

கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். ஏற்றுவதற்கு எழுதியது போலவே, பழையதைத் திருப்பிப் போடும் முறையையும் படத்தோடு அதில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுது பார்க்கும் வாசகர்,
பாளையங்கோட்டை.