‘ஃபீசீஸ்’ என்ற சொல்லின் வேர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவப் பரிசோதனைச் சீட்டில் மலத்தைக் குறிக்கும் ‘ஃபீசீஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டாலே பலர் கூசுகிறார்கள். அதன் வேரிலோ கூச்சத்துக்கு இடமே இல்லை. லத்தீனில் ‘ஃபைக்ஸ்’ என்பது, திராட்சை மது தெளிந்தபின் சாடியின் அடியில் தங்கும் வண்டல். அதன் பன்மை வடிவமே இச்சொல். ஆங்கிலத்திலும் முதலில் வண்டலையே குறித்து, 17ஆம் நூற்றாண்டில்தான் உடற்கழிவைக் குறிக்கலாயிற்று. எனக்கு இதைவிட வியப்பளிப்பது ‘டெஃபிகேட்’ என்ற வினைச்சொல்: இன்று மலம் கழிப்பதைக் குறிக்கும் அது, கலங்கிய நீர்மத்தைக் கசடு நீக்கித் தெளிய வைப்பதையும், அதன் வழியே மனத்தைத் தூய்மையாக்குவதையும்கூட முன்பு குறித்தது. மலத்தைக் குறிக்கும் மற்றோர் ஆங்கிலச் சொல்லான ‘எக்ஸ்கிரிமென்ட்’ என்பதும் சலித்துப் பிரித்தல் என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்ததே. அகராதிகளும் மருத்துவப் பாடநூல்களும் இந்த வேர்ப்பொருளை ஒரு வரியிலாவது தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்