சிக்னலுக்குச் சான்று தரும் பொறியாளர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ரயில்வே வேலை பற்றிய வழிகாட்டிக் கட்டுரைகள் சிக்னல் துறைக்கு வரும்போது வடிவமைப்பு, பராமரிப்பு என்ற இரண்டோடு நின்றுவிடுகின்றன. அமைத்த சிக்னலைச் சோதித்து, ‘இதை நம்பி ரயிலை விடலாம்’ என்று கையெழுத்துப் போடும் பொறியாளர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மின், மின்னணு, கணினிப் பொறியியல் மாணவர்கள் இப்படியொரு துறை இருப்பதே தெரியாமல் படிப்பை முடிக்கிறார்கள்.

1988 டிசம்பர் 12 அன்று லண்டன் கிளாபம் ஜங்ஷன் அருகே ரயில்கள் மோதி 35 பேர் இறந்தார்கள். மாற்று வயரிங் வேலையில், கழற்ற வேண்டிய பழைய வயரின் ஒரு முனையை மட்டும் எடுத்துவிட்டு, அதை நறுக்காமலும் இன்சுலேஷன் சுற்றாமலும் விட்டிருந்தார்கள். அது பழைய இடத்தில் மீண்டும் தொட்டுக்கொண்டது. முன்னே ரயில் நிற்கும்போதும் சிக்னல் சிவப்புக்கு மாறவில்லை. ஒவ்வொரு டெர்மினலிலும் எத்தனை வயர் இருக்கிறது என்று வேறொருவர் வரைபடத்தோடு ஒப்பிட்டு எண்ணியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அந்த எண்ணிக்கை நடக்கவில்லை. 2023 ஜூன் 2 ஒடிசா பாலசோர் ரயில் விபத்திலும் சிக்னல் சர்க்யூட் மாற்ற வேலைகளில் நடந்த குறைபாடுகளையே விசாரணை சுட்டியது. ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயிண்ட், பக்கப் பாதையான லூப் லைனுக்குத் திரும்பியிருக்க, மெயின் லைனுக்குப் பச்சை விழுந்தது. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் சிக்னலில் கைவைக்கும் நாள்தான் மிக ஆபத்தான நாள் என்பது எங்கள் கருத்து.

சான்றளிப்பில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘எஸ்.ஐ.எல். 4’, அதாவது பாதுகாப்பு நம்பக நிலைகளில் (Safety Integrity Level) மிக உயர்ந்தது. ஒரு பாதுகாப்புச் செயல்பாடு ஆபத்தான முறையில் தவறுவது 10 கோடி மணி நேரத்தில் ஒரு முறைக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது அதன் அளவு. 10 கோடி மணி நேரம் என்பது சுமார் 11,400 ஆண்டுகள். இந்தக் கணக்கு உதிரிப் பாகங்கள் எதேச்சையாகப் பழுதாவதற்கு மட்டுமே பொருந்தும். எந்தச் சிக்னலுக்கு எந்தப் பாயிண்ட் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியலான கண்ட்ரோல் டேபிளில் ஒரு பாயிண்டை எழுத மறந்தால் அதை எந்த விகிதத்தாலும் அளக்க முடியாது. எனவேதான் இ.என். 50126, 50128 (2023இல் அதற்கு மாற்றாக 50716 வெளியானது), 50129 ஆகிய ஐரோப்பிய ரயில்வே தரநிலைகள் எண்ணோடு நிற்காமல், யார் எழுதுவது, யார் சரிபார்ப்பது என்பதையும் வரையறுக்கின்றன. மென்பொருளை எழுதியவரே அதைச் சரிபார்க்கக் கூடாது. உயர் நிலைகளில், முடிந்த அமைப்பு தேவையை நிறைவேற்றுகிறதா என்று உறுதிசெய்யும் வேலிடேட்டர் திட்ட மேலாளருக்குக் கீழ் இருக்கக் கூடாது. இவர்கள் எல்லோருக்கும் வெளியே நின்று பார்ப்பவர் சுதந்திரப் பாதுகாப்பு மதிப்பீட்டாளர். டெலிவரி தேதி நெருங்கும்போதுதான் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

பாதுகாப்பு ஆவணத்தை, அதாவது சேஃப்டி கேஸை, மூன்று அடுக்காகத் தயாரிக்கிறார்கள்: கருவிக்கு ஒன்று, அந்தக் கருவியை ஒருவகைப் பயன்பாட்டில் வைப்பதற்கு ஒன்று, குறிப்பிட்ட நிலையத்துக்கு ஒன்று. கீழ் அடுக்கிலிருந்து மேலே போகும் நிபந்தனைகள்தான் பெரும்பாலும் வழியில் தொலைகின்றன. ஒரு பாதைப் பகுதிக்குள் போகும், வரும் சக்கர அச்சுகளை எண்ணி அது காலியா என்று சொல்லும் ஆக்சில் கவுண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ரீசெட் செய்தால் அந்தப் பகுதி காலி என்று காட்டக்கூடும். உள்ளே ஒரு வேகன் நிற்கிறதா என்பது கருவிக்குத் தெரியாது. எனவே ரீசெட்டுக்குப் பிறகு பாதை காலியா என்று நேரில் பார்க்க வேண்டும், அல்லது முதல் ரயிலைக் குறைந்த வேகத்தில் விட வேண்டும் என்று தயாரிப்பாளர் நிபந்தனை வைப்பார். அந்த வரி நிலையத்தின் இயக்க விதியில் ஏறாவிட்டால், கருவியின் சான்றிதழ் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை. ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே ‘யார், எந்த ஆவணத்தில், எந்தப் பிரிவில் நிறைவேற்றினார்’ என்று எழுதி முடிப்பதில்தான் மதிப்பீட்டாளரின் நாட்கள் கழிகின்றன. சோதித்த மென்பொருள் பதிப்பும் நிலையத்தில் ஏற்றிய பதிப்பும் ஒன்றுதானா என்று, கோப்பிலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணான செக்சம் பார்ப்பதும் அவர் வேலையே.

இந்தத் துறைக்கு வர விரும்புவோர் முதல் சில ஆண்டுகளைக் களச் சோதனையில் கழிக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறோம். வயர் எண்ணிக்கை, வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கன்டினியூட்டி சோதனை, இன்சுலேஷன் சோதனை, பிறகு கண்ட்ரோல் டேபிளின் ஒவ்வொரு வரிக்கும் செயல்பாட்டுச் சோதனை. பச்சை விழ வேண்டிய இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பது பாதி வேலைதான். பாயிண்ட் சரியான நிலையில் இருப்பதை உறுதிசெய்யும் டிடெக்ஷனை எடுத்துவிட்டால், தண்டவாளத்தில் ரயில் இருப்பதை அறியும் டிராக் சர்க்யூட்டை ஷன்ட் செய்தால் (ரயில் நிற்பதுபோல் தண்டவாளங்களை இணைத்தால்), மோதலுக்கு வழிவகுக்கும் எதிர் ரூட்டைப் போட்டால் பச்சை விழாமல் இருக்கிறதா என்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். இதைக் கையால் செய்யாதவர் பின்னாளில் மேஜையில் வரும் சோதனை அறிக்கையில் எது விடுபட்டது என்று கண்டுபிடிப்பது கடினம். கிளாபமுக்குப் பின் பிரிட்டனில், ரயில்வே சிக்னல் பொறியாளர் கழகம் வேலை வகைவாரியாக உரிமம் வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. பட்டம் மட்டும் அதற்குப் போதாது. செய்த வேலைகளின் பதிவேட்டைக் காட்டி, பணியிடத்தில் மதிப்பீட்டையும் தாண்ட வேண்டும். அப்படி ஒரு பதிவேட்டை முதல் நாளிலிருந்தே எழுதி வைப்பது எந்த நாட்டில் வேலை செய்பவருக்கும் உதவும்.

மேல்நிலையில் வழிகள் பல. நம்பகத்தன்மை, பாதுகாப்புப் பகுப்பாய்வு, வேலிடேஷன், மதிப்பீட்டு நிறுவனங்கள், அனுமதி தரும் ஆணையங்கள். ஐரோப்பாவில் 2019 ஜூன் முதல் பல நாடுகளில் ஓடும் ரயில் வாகனங்களுக்கு ஐரோப்பிய ஒன்றிய ரயில்வே முகமையே அனுமதி தருகிறது. வாகனத்தில் பொருத்திய ரயில் கட்டுப்பாட்டுக் கருவிகளும் அதில் அடங்கும். எங்கு போனாலும், குறையைச் சுருக்கமாகவும் சான்றோடும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். ‘சோதனை போதாது’ என்று எழுதினால் அது யாருக்கும் உதவாது. எந்தத் தேவை, எந்தப் பதிப்பு, எந்தச் சோதனை விடுபட்டது என்று எழுதினால் அடுத்த நாளே சரிசெய்ய முடியும்.

தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் இந்தப் பணிக்கும் இடம் தர வேண்டுகிறோம். கூடவே ஒரு வேண்டுகோள்: ஒரு சிக்னல் கருவி ‘எஸ்.ஐ.எல். 4 சான்று பெற்றது’ என்று செய்தி வெளியிடும்போது, அந்தச் சான்று கருவிக்கா, அது பொருத்தப்பட்ட நிலையத்துக்கா என்றும், அதோடு வந்த நிபந்தனைகளை நிறைவேற்றும் பொறுப்பு யாருடையது என்றும் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ரயில்வே சிக்னல் சோதனை மற்றும் மதிப்பீட்டுப் பொறியாளர்கள்