தள்ளுபடி நாட்களில் வீட்டிலேயே இருந்தோம்

அன்புள்ள நண்பா,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்து, இப்போது மறுபடியும் செய்தித்தாளைக் கையில் எடுத்துவிட்டார். சின்னவன் வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

உன் கடிதத்தில் ஒரு வரி மனதிலேயே நிற்கிறது. "விடுமுறைத் தள்ளுபடி வருகிறது, டிவியை மாற்றலாம் என்று யோசிக்கிறோம், நாற்பது சதவீதம் மிச்சம்" என்று எழுதியிருந்தாய். பழைய டிவி ஓடுகிறதா இல்லையா என்று எழுதவே இல்லை. நூறு கொடுத்து வாங்க வேண்டியதை அறுபதுக்கு வாங்கினால் கையை விட்டுப் போவது அறுபது. மீதி நாற்பது உன் பையில் இருந்ததே இல்லையே, அது எப்படி மிச்சமாகும்?

உனக்குப் புத்தி சொல்வதற்காக இதை எழுதவில்லை. மூன்று வருடம் முன்னால் இதே மாதிரி ஒரு விடுமுறையில் நாங்கள் சோபா வாங்கினோம். பாதி விலை என்றார்கள். சோபா வந்து உட்கார்ந்ததும் ஜன்னல் திரை வெளிறிப்போனதாகத் தெரிந்தது. திரையை மாற்றியதும் நடுவில் கிடந்த மேசை கண்ணை உறுத்தியது. அந்த மேசையில் ஒரு குறையும் இல்லை, அதுதான் இன்றைக்கும் எனக்கு வருத்தம். எல்லாம் கிரெடிட் கார்டில் போனது. அடைத்து முடிக்க ஐந்து மாதம் ஆனது.

அப்புறம்தான் திதெரோவைப் பற்றிப் படித்தேன். பிரெஞ்சுக்காரர், பெரிய எழுத்தாளர். அவருக்கு ஒரு புதிய சிவப்பு அங்கி கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு அறையைப் பார்த்தால் பழைய நாற்காலி, மேசை எல்லாம் மட்டமாகத் தெரிய, ஒவ்வொன்றாக மாற்றிவிட்டார். பழைய அங்கிக்கு நான் எஜமானாக இருந்தேன், புதியதற்கு அடிமையாகிவிட்டேன் என்று 1769-இல் வருந்தி எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டுக் கதையை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்தது போல இருந்தது.

விலைச்சீட்டில் அடித்து எழுதிய பழைய விலை இருக்கிறதே, அது செய்யும் வேலையையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1974-இல் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். எண்கள் எழுதிய சக்கரத்தைச் சுற்றுவார்கள். அது 10-இல் அல்லது 65-இல் மட்டும் நிற்கும்படி முன்பே செய்து வைத்திருந்தார்கள். பிறகு, ஐநா சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் நடுத்தர விடை 25, 65-ஐப் பார்த்தவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் முதலில் கண்ணில் பட்ட எண் மனதைப் பிடித்து இழுத்துவிடுகிறது. கடையில் அடித்து எழுதிய அந்த விலையும் அப்படித்தான் இழுக்கிறது. இதற்காகவே ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். தள்ளுபடி என்று அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். நாமும் ஒரு மாதம் முன்பே விலையைக் குறித்து வைத்தால் போதும். "40 சதவீதம், அதற்கு மேல் இன்னொரு 20" என்றால் 60 அல்ல என்பதையும் மறக்காதே. நூறு அறுபதாகி, அறுபதில் இருபது சதவீதம் போய் நாற்பத்தெட்டு. மொத்தத் தள்ளுபடி 52 சதவீதம்தான்.

சரி, போன வருடம் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். விடுமுறை மூன்று நாளும் கடைப்பக்கம் போகவில்லை. போனில் இருந்த கடைச் செயலிகளையும் எடுத்துவிட்டோம். முதல் நாள் அலமாரிகளில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துக் கூடத்தில் பரப்பினோம். விலைச்சீட்டுகூடக் கிழிக்காத சட்டைகள் நான்கு. ஒரே மாதிரி டார்ச் லைட் மூன்று. பெட்டியைப் பிரிக்காத ஒரு இஸ்திரிப் பெட்டி, எந்தத் தள்ளுபடியில் வாங்கியது என்று இருவருக்குமே ஞாபகம் இல்லை. மனைவி ஒன்றும் பேசாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் நாள் ரிப்பேர். படுக்கையறை ஃபேன் ஒரு வருடமாக மெதுவாகத்தான் சுற்றியது. புதிதாக வாங்குவது என்று முடிவே செய்திருந்தோம். எலக்ட்ரீஷியன் வந்து மேலே இருந்த கிண்ணத்தை இறக்கி, விரல் நீளம்கூட இல்லாத ஒரு கன்டென்சரைக் கழற்றிக் காட்டினார். 2.5 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்தது. "இது வீக் ஆனா ஃபேன் இப்படித்தான் ஓடும் சார், மோட்டார் நல்லா இருக்கு" என்றார். புதியதை மாட்டிப் போட்டதும் மேசையில் இருந்த காகிதமெல்லாம் பறந்தது. இந்தக் கடிதத்தையும் அந்த ஃபேனுக்கு அடியில்தான் எழுதுகிறேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தோம். மேல் பக்கம் பிடித்தது, கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே ரப்பர் தளர்ந்து குளிர் கசிகிறது என்று அர்த்தம். அதையும் மாற்றினோம்.

அணைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பிளக்கிலேயே விடுகிறோமே, அதற்கும் கணக்கு உண்டு. ஒரு வாட் வருடம் முழுக்க இழுத்தால் 8.76 யூனிட். செட்டாப் பாக்ஸ் ஒன்று சும்மா இருக்கும்போது பத்து வாட் எடுத்தால் வருடத்துக்கு 87.6 யூனிட். இப்போது சுவிட்சையே அணைத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறோம்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. வாங்காமல் இருந்துவிட்டால் மட்டும் பணம் சேர்ந்துவிடாது. கணக்கில் கிடந்தால் அடுத்த மாதம் வேறு எதிலோ கரைந்துவிடும், அது எங்கே போனது என்றே தெரியாது. அதனால் மூன்றாம் நாள் உட்கார்ந்து, வாங்கலாம் என்று நினைத்திருந்த பொருட்களை எழுதினோம். ஃபேன், புதிய போன், டிவி. அதற்கெல்லாம் ஆகியிருக்கும் தொகையை அன்றைக்கே தனிக் கணக்கில் போட்டுவிட்டோம், அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு கிடையாது. பிறகு மாதா மாதம் சம்பளம் வந்த அன்றே கொஞ்சம் அதில் சேர்த்தோம். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 8 சதவீதம் என்றால் 9 வருடம். சின்னவனுக்கும் முதல் சம்பளத்தன்று இதைத்தான் சொன்னேன்.

அம்மாவின் சிகிச்சைக்கு அந்தக் கணக்கில் இருந்துதான் எடுத்தோம். தேதி குறித்ததும் யாரிடம் கேட்பது என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. அம்மாவும் "எவ்வளவு ஆகும், தள்ளிப் போடலாமா" என்று தயங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பணம் கட்டிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது எனக்கு இருந்த நிம்மதியை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

தேவையான பொருளைத் தள்ளுபடியில் வாங்குவது தப்பே இல்லை. உன் டிவி நிஜமாகவே போய்விட்டது என்றால் வாங்கு, நானும் விலை விசாரித்துச் சொல்கிறேன். முதலில் அதற்கு என்ன கோளாறு என்று எழுது. சத்தம் வந்து படம் வராமல் இருந்தால் டார்ச் அடித்துத் திரையில் ஏதாவது மங்கலாகத் தெரிகிறதா என்று பார். தெரிந்தால், பெரும்பாலும் பின்னால் இருக்கும் எல்இடி விளக்குப் பட்டைதான் போயிருக்கும், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். பதில் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்